பம்பரில் ஒட்டிய கேமரா: ஒட்டுநாடா வந்த வழி

காரைப் பின்னோக்கி நகர்த்தும்போது ஓட்டுநரின் முன்னுள்ள சிறு திரையில் பின்பக்கக் காட்சி தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியை எடுத்து அனுப்புவது, பெருவிரல் நுனியளவே உள்ள ஒரு கேமரா. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பெற்று வரும் கேமரா வண்டியின் உடலோடு சேர்ந்தே அமைந்திருக்கும். பின்னால் கடையில் வாங்கிப் பொருத்தும் கேமராக்களோ பெரும்பாலும் ஒரு சிறு தாங்கியில் அமர்த்தப்பட்டுப் பம்பரின்மீது ஒட்டப்படுகின்றன. புதுக் காரில் துளை போட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே திருகாணி கிடையாது. இருபுறமும் பசையுள்ள ஒரு துண்டு நாடா, அவ்வளவுதான்.

இந்தத் தாங்கி சில மாதங்களில் ஒரு பக்கம் கழன்று தொங்கத் தொடங்குவதும் உண்டு. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிய தாங்கி ஒன்றை அதே இடத்தில் ஒட்டினால், அது முன்னதைவிட விரைவாகவே விழுந்துவிடுகிறது. "பசை சரியில்லை" என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். பசையின்மீது சுமத்தப்படும் இந்தக் குற்றம் பெரும்பாலும் பொய்க் குற்றம். உண்மைக் காரணம் பம்பரில் இருக்கிறது. நாடாவுக்கு ஒரு வரலாறு உண்டு. பம்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டும் தனித்தனியே வளர்ந்து, பிற்காலத்தில்தான் ஒன்றையொன்று சந்தித்தன. அந்தச் சந்திப்பு அவ்வளவு சுமுகமானதாக இல்லை.

ஒரு சின்னத் தாங்கிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று நினைக்க வேண்டாம். தாங்கி சில பாகை சாய்ந்தாலும் திரையில் தரை மட்டுமே தெரியும்; வண்டிக்குப் பின்னால் நிற்கும் குழந்தை தெரியாது. பின்னோக்கி வரும் வண்டிகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 210 பேர் இறப்பதாகவும், 15,000 பேர் காயமடைவதாகவும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2014இல் மதிப்பிட்டது. இறந்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். 26 பேர் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர். இக்காரணத்தால் 2008இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2018 மே முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் பின்பக்கக் கேமரா கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு, பின்னால் தடை இருந்தால் ஒலியெழுப்பும் உணரிகள் கட்டாயமாக்கப்பட்டன.

கேமராவைப் பின்பக்கம் வைக்கும் எண்ணம் இவற்றுக்கெல்லாம் மிக முந்தியது. 1956இல் அமெரிக்காவின் ப்யூயிக் நிறுவனம் 'செஞ்சூரியன்' என்ற கண்காட்சிக் காரை உருவாக்கியது. அதில் ஓட்டுநர் பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது. வண்டியின் பின்புறம் ஒரு தொலைக்காட்சிக் கேமராவும், முன்னால் ஒரு படக்குழாயும் இருந்தன. அக்காலக் கேமராக்களின் பருமனை எண்ணிப் பாருங்கள்! அதை நாடாவால் ஒட்டும் பேச்சுக்கே இடமில்லை. 1991இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா 'சோரர்' காரில்தான் பின்பக்கக் கேமரா வாங்குவோர் கைக்கு வந்தது. பின்னர் கேமரா சுருங்கிச் சுருங்கி, ஒரு துண்டு நாடா தாங்கக்கூடிய எடைக்கு வந்து சேர்ந்தது.

மருத்துவரிடமிருந்து வண்டிப் பட்டறைக்கு

நாம் பொதுவாக அறிந்த பசைகள் உலர்ந்தோ, குளிர்ந்தோ, வேதிவினை புரிந்தோ இறுகுபவை. மைதாப் பசையில் நீர் ஆவியாகிறது. அரக்கு குளிர்ந்து கெட்டியாகிறது. நாடாவின் பசை இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது உலர்வதே இல்லை. எப்போதும் ஒரே நிலையில் பிசுபிசுப்பாக இருக்கும். அழுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். இத்தகைய பசை முதன்முதலில் பிறந்தது மருத்துவத் துறையில். 1845இல் ஹோரஸ் டே என்னும் அமெரிக்கர், ரப்பரையும் பிசினையும் கலந்து துணியில் பூசிய பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். 1882இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த பால் பயர்ஸ்டார்ஃப் என்ற மருந்தாளர், மருந்து பூசிய பிளாஸ்திரி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இந்தப் பசை மனிதத் தோலை விட்டு வெகுதூரம் போகவில்லை.

அதைக் காருக்குக் கொண்டுவந்தவர் ரிச்சர்டு ட்ரூ. 1899இல் பிறந்த இவர் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். நடனக் குழுக்களில் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியம் வாசித்தவர். 1921இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயிண்ட் பால் நகரில் இருந்த ஓர் உப்புத்தாள் கம்பெனியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். 1902இல் சுரங்கத் தொழிலுக்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி அது. தோண்டிப் பார்த்தபோது, எதிர்பார்த்த குருந்தக் கல்லுக்குப் பதிலாக வேலைக்கு ஆகாத ஒரு கல்தான் கிடைத்தது. வேறு வழியின்றி உப்புத்தாள் செய்யத் தொடங்கினார்கள். இன்று 'த்ரீ எம்' என்று நாம் அறியும் நிறுவனம் இதுவே.

நீரில் நனைத்துத் தேய்க்கும் புதுவகை உப்புத்தாளைச் சோதிக்க, ட்ரூ கார்ப் பட்டறைகளுக்குப் போய் வருவது வழக்கம். அக்காலத்தில் காருக்கு இரண்டு வண்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு வண்ணத்தை அடித்து முடித்ததும் அதன்மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துக்கொண்டு, பக்கத்தில் அடுத்த வண்ணத்தை அடிப்பார்கள். ஒட்டுவதற்கு அறுவைச் சிகிச்சைப் பிளாஸ்திரியோ, கோந்தோதான் கிடைத்தது. வேலை முடிந்து காகிதத்தை உரிக்கும்போது புது வண்ணமும் கூடவே உரிந்து வந்துவிடும். உழைப்பெல்லாம் வீண்! வண்ணம் பூசுவோரின் வசவுச் சொற்களைக் காதால் கேட்ட ட்ரூ, உரியும்போது தொல்லை தராத ஒரு நாடாவைச் செய்து தருவதாக வாக்களித்தார்.

வாக்குக் கொடுத்துவிட்டாரே ஒழிய, பசையைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தாவர எண்ணெய்கள், பிசின்கள், மரத்தச்சர் பசை, கிளிசரின் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். மேலாளர் வில்லியம் மெக்நைட், உப்புத்தாள் வேலையைக் கவனிக்குமாறு அவரைப் பணித்தார். ட்ரூ கேட்கவில்லை. நூறு டாலர் வரையிலான பொருள்களை மேலிட அனுமதியின்றி வாங்கும் உரிமை அவருக்கு இருந்தது. ஆகவே தமக்குத் தேவையான இயந்திரத்துக்குரியவற்றைச் சிறு சிறு தொகைகளாகப் பிரித்து வாங்கிவிட்டார்! (இந்தத் தந்திரத்தை நம் அலுவலகங்களில் யாரும் அறியாதவர்கள் இல்லை.) 1925இல், சுருக்கங்களுடன் கூடிய நெகிழும் காகிதத்தில் பசை தடவிய நாடா பிறந்தது. வளைவுகளிலும் அது இணங்கி ஒட்டியது. உரித்தால் வண்ணத்தைக் கெடுக்காமல் வந்தது. தொடக்கத்தில் நாடாவின் ஓரங்களில் மட்டுமே பசை தடவியிருந்ததாகவும், அதைக் கண்டு சினந்த ஒரு பட்டறைக்காரர், கஞ்சர்கள் என்று பெயரெடுத்த ஸ்காட்லாந்துக்காரர்களோடு கம்பெனி முதலாளிகளை ஒப்பிட்டு வைதார் என்றும், 'ஸ்காட்ச்' என்ற வணிகப் பெயர் அதிலிருந்தே வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1930இல் செல்லோபேன் தாளில் பசை தடவி, ஒளி ஊடுருவும் நாடாவையும் ட்ரூ உருவாக்கினார். பொருளாதார நெருக்கடிக் காலமாகையால், கிழிந்ததை ஒட்டிப் பயன்படுத்த அது வீடுதோறும் உதவிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காருக்காகப் பிறந்த முதல் நாடாவின் பெருமை அது ஒட்டியதில் இல்லை. உரிந்து வந்ததில் இருந்தது. அதே கம்பெனியிலிருந்து, உரியவே கூடாத நாடா வர இன்னும் 55 ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில்தான், ஒட்டுதல் என்றால் என்ன என்பதை இயற்பியல் ஓரளவு புரிந்துகொண்டது.

ஒட்டுதல் என்றால் என்ன?

ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, வெளியிலுள்ள காற்றழுத்தமே எல்லா ஒட்டுதலுக்கும் காரணம் என்று நினைப்போர் இன்றும் உண்டு. உறிஞ்சு கிண்ணத்துக்கு அது பொருந்தும். நாடாவுக்குப் பொருந்தாது; வெற்றிடத்திலும் நாடா ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்ட வைப்பது, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள வாண்டர் வால்ஸ் கவர்ச்சி விசை. இந்த விசையில் ஒரு சிக்கல் உண்டு. அது மிகக் குறுகிய தூரத்தில் மட்டுமே செயற்படும். இரு பொருள்களும் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் நெருங்கினால்தான் விசை கணிசமாகும். நாம் வழவழப்பு என்று கருதும் பரப்பும் உண்மையில் மேடும் பள்ளமுமே. இரண்டு திண்மப் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முகடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. ஆகவே பசையின் முதல் வேலை ஒட்டுவதன்று. பாய்ந்து சென்று பள்ளங்களை நிரப்பி, பரப்பை நனைப்பது.

நனைத்தலின் விதியை 1805இல் எழுதியவர் தாமஸ் யங். ஒளியின் குறுக்கீட்டுச் சோதனையால் நீங்கள் அறிந்த அதே யங்தான், தொழிலால் மருத்துவர். ஒரு துளி பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் சேர்கோணத்தை மூன்று பரப்பு இழுவிசைகளின் சமநிலை நிர்ணயிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அந்தக் கட்டுரையில் அவர் இதைச் சமன்பாடாக எழுதாமல் சொற்களாலேயே விளக்கினார். இன்று மாணவர்கள் ஒரே வரியில் எழுதிவிடும் சமன்பாட்டை அவருடைய நடையில் படித்துப் புரிந்துகொள்வதற்குள் தலை சுற்றிவிடும்.

திரவ மூலக்கூறுகளுக்குத் தம்முள் உள்ள கவர்ச்சியைவிடப் பரப்போடு உள்ள கவர்ச்சி ஓங்கியிருந்தால், துளி படர்கிறது. இல்லையேல் முத்தாகத் திரள்கிறது. சுத்தமான கண்ணாடியில் நீர் படர்வதையும், தாமரை இலையில் உருள்வதையும் நீங்களே கண்டிருக்கிறீர்கள். 1950களில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ஜிஸ்மன் என்பவர் பலவகைப் பரப்புகளில் பலவகைத் திரவத் துளிகளை விட்டு, சேர்கோணங்களைப் பொறுமையாக அளந்தார். ஒவ்வொரு பரப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைக்குக் குறைந்த பரப்பு இழுவிசை உள்ள திரவமே அதன்மேல் முழுவதும் படரும். டெஃப்லானுக்கு அந்த எல்லை மீட்டருக்கு 18 மில்லி நியூட்டன் அளவு. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 30. நீரின் பரப்பு இழுவிசையோ 72. எனவே இவ்விரண்டின்மீதும் நீர் முத்தாகவே நிற்கிறது. இந்த 30 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் அது பம்பரில் வந்து அமரப் போகிறது.

ஒட்டுதலின் கதையில் கார் மீண்டும் எதிர்பாராத ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. 1960களில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆலன் ராபர்ட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் ரப்பரைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். உருண்டையான ஒரு பொருளைத் தட்டையான பரப்பில் அழுத்தினால் தொடுபரப்பு எவ்வளவு இருக்கும் என்பதை 1881இலேயே ஹெர்ட்ஸ் கணக்கிட்டுவிட்டார். ஆனால் வழவழப்பான ரப்பரைக் கண்ணாடிமீது மெல்ல வைத்துப் பார்த்தபோது, தொடுபரப்பு ஹெர்ட்ஸ் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. சுமையை முற்றிலும் நீக்கிய பிறகும் அது மறையவில்லை! ரப்பர் தானாகவே கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருந்தது. இதை விளக்க கென்னத் ஜான்சன், கெவின் கெண்டல், ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் 1971இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். பரப்பு ஒன்றிச் சேர்வதால் மிச்சமாகும் ஆற்றலும், ரப்பர் உருமாறுவதற்குச் செலவாகும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடாகும் நிலையில் தொடுபரப்பு நின்றுவிடுகிறது என்பது அதன் சாரம். என் கருத்தில், ஒட்டுதலை வெறும் கைவேலை என்ற நிலையிலிருந்து இயற்பியலுக்குள் கொண்டுவந்த கட்டுரைகளில் இதற்கே முதலிடம்.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. பொருள் எவ்வளவு மென்மையோ, அவ்வளவு எளிதாக அது பரப்போடு ஒன்றிப் போகும். த்ரீ எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் இதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார். மீட்சிக் குணகம் சுமார் மூன்று லட்சம் பாஸ்கலுக்கு மேற்பட்டால், அந்தப் பொருள் விரலில் பிசுபிசுக்காது. சாதாரண ரப்பரின் குணகம் பத்து லட்சத்தை ஒட்டி இருக்கும். அதனால்தான் அழிரப்பர் காகிதத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. ஆனால் வெறும் மென்மை மட்டும் போதாது. தேன் மென்மையானது, நன்றாக நனைக்கிறது. அதைக்கொண்டு கேமராவைத் தொங்கவிட முடியுமா? நனைக்கும்போது திரவம்போலப் பாய வேண்டும். இழுக்கும்போது திண்மம்போல எதிர்க்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பாய்வதும், வெடுக்கென இழுத்தால் இறுகுவதும் ஆகிய இந்த இரட்டைக் குணத்துக்குப் பாகு மீட்சி என்று பெயர்.

எஃகு போய் பிளாஸ்டிக் வந்தது

இதற்கிடையே பம்பர் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டது. பழைய கார்களில் பம்பர் என்பது குரோமியம் பூசிய எஃகுச் சட்டம். அதன்மேல் எந்தப் பசையும் மகிழ்ச்சியோடு படரும். உலோகங்களின் பரப்பு ஆற்றல் மிக அதிகம். 1972இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 என்ற சிறு கார், கண்ணாடி இழை கலந்த பாலியெஸ்டர் பம்பர்களுடன் வந்தது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகள் கெடக்கூடாது என்ற விதி வந்தது. அதற்காக முதலில் கனத்த எஃகுச் சட்டங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். வண்டியின் எடை கூடியது. எடையும் எரிபொருளும் கவலையாக மாறிய காலத்தில், வளைந்து நிமிரும் பிளாஸ்டிக்கின் பக்கம் எல்லாரும் திரும்பினர். இறுதியில் வென்றது, ரப்பர் கலந்த பாலிப்ரொப்பிலீன். மலிவு, எடை குறைவு, அடி தாங்கும்.

1954இல் இத்தாலியில் ஜூலியோ நட்டா ஒழுங்கமைப்புடைய பாலிப்ரொப்பிலீனை ஆக்கினார். இந்தத் துறைப் பணிக்காக 1963இல் அவரும் ஜெர்மனியின் கார்ல் ஜீக்லரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இந்தப் பலபடியில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. வேதியியல் வகையில் பார்த்தால் இது மெழுகுவத்தியின் பாரபினுக்கு நெருங்கிய உறவு. முனைவற்ற மூலக்கூறுகள், அமிலமும் காரமும் தீண்டாது, நீர் ஊறாது. அதே காரணத்தால் பசையும் படராது. பரப்பின் எல்லை எண் 30 என்று பார்த்தோம் அல்லவா? மெழுகின்மீது பசை தடவினால் என்ன ஆகுமோ, அதுவே வண்ணம் பூசாத கருநிறப் பம்பரில் நாடா ஒட்டும்போதும் ஆகிறது.

கார்த் தொழிற்சாலைகளே இந்த இடரை முதலில் சந்தித்தன. பம்பரில் அடித்த பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. பரப்பின்மேல் தீச்சுடரை விரைவாக ஓடவிட்டு, ஆக்சிஜன் கொண்ட முனைவுள்ள தொகுதிகளை உண்டாக்குவது ஒரு வழி. குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் கரைசலை முதற்பூச்சாக அடிப்பது மற்றொரு வழி. இந்தப் பொருளின் ஒரு பகுதி பாலிப்ரொப்பிலீனோடு கலந்து உறவாடும். குளோரின் உள்ள பகுதி பெயிண்டோடு கை கோக்கும். இரு வீட்டாரையும் அறிந்த தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் பயனாக, பெயிண்ட் பூசிய பம்பர் ஒட்டுவதற்கு எளிது. பூசாத சொரசொரப்பான கரும்பகுதி கடினம். ஒரே பம்பரில் இந்த இரு பகுதிகளும் அடுத்தடுத்து இருப்பதைப் பல கார்களில் காணலாம். தாங்கியை ஒரு சாண் தள்ளி ஒட்டினால் அது ஆண்டுக்கணக்கில் நிற்பதன் இரகசியம் இதுதான்.

உரியாத நாடா

ரப்பரும் பிசினும் கலந்த பழைய பசைக்கு வெயில் ஆகாது. ரப்பர் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனும் புற ஊதாக் கதிரும் தாக்குகின்றன. பழைய புத்தகங்களில் ஒட்டிய செல்லோபேன் நாடா மஞ்சளாகி உதிர்வதை நூலகத்தில் காணலாம். இதற்கு மாற்று, அக்ரிலிக் பலபடிகள். 1901இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் தம் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் இவற்றைத்தான் எடுத்துக்கொண்டார். 1961இல் விற்பனைக்கு வந்த மங்கலான 'மேஜிக்' நாடாவில் இருந்தது அக்ரிலிக் பசை. 1980இல் த்ரீ எம் நிறுவனம், அக்ரிலிக்கையே நுரையாக்கி, பசையும் அடித்தளமும் ஒரே பொருளாக அமைந்த இருபுற நாடாவை வெளியிட்டது. மிக உயர்ந்த பிணைப்பு என்று பொருள்படும் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வி.எச்.பி.' என்று அதற்குப் பெயர். கேமராத் தாங்கிகளோடு வருவது பெரும்பாலும் இதுவோ, இதைப் பார்த்துச் செய்யப்பட்டதோதான்.

நுரையாக்கியதில் என்ன நன்மை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. நீளமுள்ள அலுமினியத் தாங்கி பம்பரில் ஒட்டியிருக்கிறது. காலையில் 30 பாகை செல்சியசில் இருந்த பம்பர் நண்பகல் வெயிலில் 70 பாகையை எட்டுவதாகக் கொள்வோம். பாலிப்ரொப்பிலீனின் நீள்விரிவு எண் பாகைக்கு ஏறக்குறைய பத்து லட்சத்தில் 100, அலுமினியத்துக்கு 23. அந்த 10 செ.மீ.யில் பம்பர் 0.4 மி.மீ. நீள்கிறது, அலுமினியம் 0.1 மி.மீ.கூட நீள்வதில்லை. 0.3 மி.மீ. வேறுபாட்டை இடையிலுள்ள பசை தினந்தோறும் தாங்கியாக வேண்டும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை மெல்லிய கண்ணாடிபோல இறுகிவிடும்; இந்த இழுபறியில் விரிசல் விட்டுவிடும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் நுரையோ, தன் கனத்தைப்போல் மூன்று மடங்கு வரை பக்கவாட்டு அசைவைப் பொறுத்துக்கொள்ளும்.

காற்று பிடுங்கி எறிந்துவிடுமே என்று அஞ்சுவோருக்கும் ஒரு கணக்கு. 5 செ.மீ. சதுரமுள்ள முகப்பின்மீது மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மோதும் காற்றின் விசை சுமார் முக்கால் நியூட்டன்தான். 100 கிராம் கேமராவின் எடையே ஒரு நியூட்டன். ஆகக் காற்று பெரிய எதிரியன்று. வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது முடுக்கம் புவியீர்ப்பைப்போல் பத்து மடங்காகிவிட்டால், அதே கேமரா பத்து நியூட்டன் விசையோடு இழுக்கும். தாங்கி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விசை நெம்புகோல்போல நாடாவின் மேல்விளிம்பில் குவியும். பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பிரிப்பது கடினம். ஒரு விளிம்பிலிருந்து உரிப்பது எளிது. தாங்கி எப்போதும் ஒரு பக்கமாகவே கழலத் தொடங்குவது இதனால்தான். கேமராவைப் பம்பரோடு ஒட்டியவாறு குட்டையான தாங்கியில் வைப்பது நல்லது.

இனி, மாற்றும் வேலையைப் பார்ப்போம். பழைய தாங்கியை வெடுக்கென இழுக்காதீர்கள். வேகமாக இழுத்தால் பசை இறுகி எதிர்க்கும், பம்பரின் பெயிண்ட் கூட வந்துவிடலாம். தலைமுடி உலர்த்தியின் வெதுவெதுப்பான காற்றைச் சற்று நேரம் காட்டுங்கள். பிறகு மீன்பிடிக்கும் நைலான் நரம்பை நாடாவுக்குப் பின்னால் செலுத்தி, ரம்பம்போல் மெல்ல இழுத்து அறுங்கள். மிஞ்சிய பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டியே எடுத்துவிடலாம். இந்த மிச்சத்தின்மேல் புதிய நாடாவை ஒட்டுவதுதான் பலர் செய்வது. புது நாடா அப்போது பம்பரைத் தொடுவதே இல்லை. தூசி படிந்த பழைய பசையைத்தான் தொடுகிறது.

அடுத்துத் துப்புரவு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவில் கலந்த கரைசலால் துடைத்து, உலரவிடுங்கள். காருக்கு மெழுகு பாலிஷ் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பளபளப்புக்காகப் பூசும் மெழுகும் சிலிகோனும் நல்ல பரப்பையும் பாலிப்ரொப்பிலீன்போல ஆக்கிவிடுகின்றன. சோதித்துப் பார்க்க ஜிஸ்மனின் முறையே போதும். துடைத்த இடத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். துளி தட்டையாகப் படர்ந்தால் ஒட்டலாம். உருண்டு திரண்டு நின்றால் மறுபடியும் துடையுங்கள். துடைத்தும் துளி அப்படியே நின்றால் அது வெறும் பிளாஸ்டிக்; நாடாவுக்கு முன் முதற்பூச்சுத் திரவம் தடவியாக வேண்டும், அல்லது பெயிண்ட் உள்ள பகுதிக்கு மாற வேண்டும். (எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக்கொண்டு, நிறுத்தியிருக்கும் வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்வித்ததுண்டு. எந்த ஆசிரியர் காருக்கு மெழுகு போடுகிறார் என்பதை அரைமணியில் கண்டுபிடித்துவிட்டார்கள்!)

நாடாவின் அளவுக்கும் விதி உண்டு. ஒரு கிலோகிராம் எடைக்குச் சுமார் 57 சதுர செ.மீ. நாடா என்பது செய்வோர் தரும் கணக்கு. 100 கிராமுக்கு 6 சதுர செ.மீ., அதாவது 2 செ.மீ. அகலமும் 3 செ.மீ. நீளமும் உள்ள துண்டு போதும். ஒட்டியதும் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ எடை வீதம் அழுத்துங்கள். அந்தத் துண்டுக்கு ஆறு கிலோ எடையின் அழுத்தம், கட்டைவிரலை நன்றாக ஊன்றினாலே கிடைத்துவிடும். மார்கழிக் குளிரில் விடியற்காலையில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். குளிர்ந்த பசை விறைத்திருக்கும், பள்ளங்களில் பாயாது.

அழுத்தி முடித்த 20 நிமிடத்தில் முழு வலிமையில் பாதிதான் வந்திருக்கும். ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கு. முழு வலிமைக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் பசை மூலக்கூறுகள் பம்பரின் நுண்பள்ளங்களுக்குள் மெல்ல மெல்லப் பாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் நாளில் தாங்கியை மட்டும் ஒட்டிவிட்டு, கேமராவையும் கம்பியையும் மாட்டாமல் விட்டுவிடுங்கள். நீரைப் பீச்சி அடித்துக் கழுவுவதையும் மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். பிறகு கேமராவை மாட்டி, ஒருவரை வண்டிக்குப் பின்னால் ஒரு மீட்டர் தூரத்தில் குந்தி உட்காரச் சொல்லி, அவர் தலை திரையில் தெரிகிறதா என்று பார்த்துக் கோணத்தைச் சரிசெய்து திருகை முடுக்குங்கள்.